சாம்பிள்காரரின் நான்காவது பறவை

ஊரில் உள்ள அத்தனை வீட்டுக் கழிவுநீரும் கடைசியில் போய்ச் சேருகிற சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு மனிதர் இருபத்தாறு வருடமாக வேலை பார்த்தார். கையில் நீளமான கம்பு, கம்பின் முனையில் ஒரு கப், தோள்பையில் பன்னிரண்டு பாட்டில். காலை ஏழு மணிக்கு முதல் தொட்டியில் ஆரம்பித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கப் மொண்டு பாட்டிலில் ஊற்றி, நேரமும் தொட்டி எண்ணும் எழுதிய சீட்டை ஒட்டி, ஆய்வுக்கூடத்து ஜன்னலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். இந்த வேலைக்கு அலுவலகப் பதிவேட்டில் ஒன்றரை வரிக்குப் பதவிப் பெயர் இருந்தது. அது யார் வாயிலும் நுழையவில்லை. எல்லோரும் அவரைச் சாம்பிள்காரர் என்றார்கள். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

வேலையில் அவரைப் போலக் கறாரான ஆள் கிடையாது. மழை கொட்டினாலும் பன்னிரண்டாம் தொட்டி வரைக்கும் நடந்துபோய்த்தான் மொள்ளுவார். பக்கத்துத் தொட்டித் தண்ணீரையே இரண்டு பாட்டிலில் பிடித்து ஒப்பேற்றுகிற கெட்டிக்காரத்தனம் அவரிடம் கிடையாது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி அவரைப் பற்றி நான் சொல்லப்போவதைக் கேட்டால் பெரிய புளுகர் என்று நினைத்துவிடுவீர்கள்.

அவருக்குப் பறவைப் பைத்தியம். அது தொற்றிக்கொண்டதும் வேலை பார்த்த இடத்தில்தான். பன்னிரண்டாம் தொட்டிக்கு அந்தப் பக்கம், கசடு காய்வதற்காக வெட்டிவிட்ட நாலு பெரிய குட்டைகள் இருந்தன. மூக்குள்ள மனிதர்கள் அந்தத் திசைக்கே வரமாட்டார்கள். பறவைகளுக்கு அந்த நாசூக்கெல்லாம் இல்லை. குளிர்காலம் தொடங்கும்போது வடக்கேயிருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து, நேராக நம்முடைய கசடில் இறங்கி, விருந்துக்கு வந்த மாதிரி புழு பொறுக்கும். அந்தக் கூட்டத்தில் எப்போதாவது ஒன்று, எங்கேயோ போக வேண்டியது, புயல் தள்ளியோ திசை தப்பியோ இங்கே வந்து நிற்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் பறவை பார்க்கிறவர்களுக்கு வேட்டை. கண்டுபிடித்தவருக்குக் கால் காசு பிரயோஜனம் இல்லை. பறவைச் சங்கத்தின் ஆண்டறிக்கையில், அபூர்வப் பறவைகள் என்ற தலைப்புக்குக் கீழே, பொடி எழுத்தில் பெயர் வரும். அந்தப் பொடி எழுத்துக்காகச் சாம்பிள்காரர் பதினாலு வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தார்.

பெயர் வரவில்லை. பட்டப்பெயர்தான் வந்தது.

முதல் பறவை கரண்டிமூக்கு உள்ளான். உள்ளான் என்பது சேற்றில் ஓடுகிற சின்னப் பறவை. கரண்டிமூக்கு என்பது அந்த இனத்திலேயே உலகத்தில் சில நூறுதான் மிச்சமிருக்கிற அதிசயம். அலகின் நுனி கரண்டி மாதிரி அகன்றிருக்கும். அப்படி ஒன்றைக் குட்டையில் பார்த்ததும் சாம்பிள்காரருக்குக் கை கால் ஓடவில்லை. சங்கத்துக்குப் போன் போட்டார். மூன்று மணி நேரத்தில் எண்பது பேர் தொலைநோக்கியோடு வேலியோரம் வந்து நின்றார்கள். எண்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பறவை தண்ணீர் தெளிந்த பக்கமாகப் போய், அலகை முக்கி, இரண்டு உதறு உதறியது. கரண்டி கரைந்துவிட்டது. நுனியில் ஒட்டியிருந்த சேறு அது. அன்றிலிருந்து பறவை வட்டாரத்தில் அவருக்குப் பெயர் கரண்டி.

இரண்டாவது, ஒரு வெளிதேசத்து வாத்து. விசில் சத்தம் கேட்டதும் அது தலையைத் திருப்பியபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மறுநாள் பக்கத்துக் காலனியில் இருந்து ஒரு பெரியவர் கூடையோடு வந்து, செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவதுதான் அவருக்கு ஆறாத புண். அது ஒரு கடல் பறவை, உண்மையிலேயே அபூர்வமானது, சத்தியமாகப் பார்த்தார். ஆனால் பார்த்ததை எழுத உட்கார்ந்தபோது அவருக்கே உரிய வியாதி வந்துவிட்டது. பக்கத்தில் புத்தகம் திறந்திருந்தது. அந்தப் பறவைக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னதோ, அத்தனையும் தானாகவே பேனாவுக்குள் இறங்கியது. பொய் சொல்ல வேண்டும் என்று எண்ணமே இல்லை. அந்தப் பறவைதான் என்று ஆனபிறகு, அதற்கு உள்ளதெல்லாம் அதற்கு இருந்திருக்கத்தானே வேண்டும் என்பது அவர் கணக்கு.

சங்கத்தில் இந்தக் குறிப்புகளைப் பரிசீலிக்கிற அபூர்வப் பறவைக் குழுவின் செயலாளர் ஒரு பல் டாக்டர். பெண்மணி. சொத்தையை நோண்டி எடுப்பதுபோலவே குறிப்புகளையும் நோண்டுவார். அவர் எழுதிய பதில் நாலே வரி: "பறவை கடைசி வரைக்கும் எழுந்து பறக்கவில்லை என்று மூன்றாம் வரியில் எழுதியிருக்கிறீர்கள். இறக்கையின் அடிப்பக்கம் கறுப்பு, மிகத் தெளிவாகத் தெரிந்தது என்று ஒன்பதாம் வரியில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டில் எது என்று எங்களால் தீர்மானிக்க முடியவில்லை. நிராகரிக்கப்படுகிறது."

அதோடு விட்டார்களா? இவருக்காகவே குழு ஒரு விதியையும் போட்டது. மூன்று குறிப்புகள் நிராகரிக்கப்பட்டவர் நாலாவது அனுப்பினால் கூடவே இன்னொரு சாட்சி வேண்டும். இருவரும் சேர்ந்து பார்க்கலாம், ஒருவருக்கொருவர் எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, சேர்ந்து எழுதக் கூடாது. நாலாவதும் நிராகரிக்கப்பட்டால் அதற்குப் பிறகு அவர் பெயரில் வரும் எதையும் குழு பிரித்தே பார்க்காது. விதியில் யார் பெயரும் இல்லை. ஆனாலும் எல்லோரும் அதைக் கரண்டி சட்டம் என்றே சொன்னார்கள்.

அதனால் இரண்டு வருடம் சாம்பிள்காரர் வாயைத் திறக்கவில்லை. கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தார்.

மூன்றாவது வருடம், புயல் மழை ஓய்ந்த ஒரு காலையில், பன்னிரண்டாம் பாட்டிலை மூடிவிட்டு நிமிர்ந்தார். இரண்டாம் குட்டையில் அறுபது எழுபது கொசு உள்ளான்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொசு உள்ளான் என்றால் உள்ளான்களிலேயே பொடிசு, வருடா வருடம் வருவது, பொருட்படுத்த ஒன்றுமில்லை. அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் கொஞ்சம் சாம்பல் ஓடியிருந்தது. அலகும் கொஞ்சம் கட்டை. மற்றவை ஓடின, இது நின்று நின்று நடந்தது. பாட்டில் பையை ஆய்வுக்கூடத்தில் ஒப்படைத்துவிட்டு, அலமாரியில் பூட்டி வைத்திருந்த தொலைநோக்கியையும் அதை நிறுத்துகிற முக்காலியையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பத்தே நிமிடத்தில் முடிவு கட்டிவிட்டார். செங்கழுத்து உள்ளான், இந்தப் பக்கம் அபூர்வமாக வருவது. குளிர்காலத்தில் அதற்குக் கழுத்தில் சிவப்பு இருக்காது. கழுத்தில் சிவப்பு இல்லை. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

போனைத் தொலைநோக்கியின் கண்ணில் வைத்து மூன்று படம் எடுத்தார். ஒன்றில் சேறு. ஒன்றில் சேறும் மிளகளவில் ஒரு புள்ளியும். மூன்றாவதில் அவருடைய இமைமயிர் மிகத் துல்லியமாக விழுந்திருந்தது.

ஆகவே சாட்சிதான் கதி. சங்கத்து நண்பர்களைக் கூப்பிட்டால் வந்துசேர இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் பறவை அலகைக் கழுவிவிடுமோ என்று வேறு பயம். கேட்டுக்கு ஓடினார். வாட்ச்மேன் நாற்காலியில் சாய்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் வாங்க. ஒரு பறவையைப் பார்த்துட்டு, பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போடணும்."

வாட்ச்மேன் ரேடியோவை நிறுத்தினார். "முன்னாடி அந்த வாத்துக்குக் கையெழுத்துப் போட்டேனே, ஞாபகம் இருக்கா? அந்தப் பல் டாக்டரம்மா எனக்குப் பதினாலு கேள்வி எழுதி அனுப்பினாங்க. கண்ணு டெஸ்ட் பண்ண தேதி வரைக்கும் கேட்டாங்க. என் பையன் கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுக்காரங்ககூட அத்தனை கேள்வி கேட்கலை. என்னை விட்டுடுங்க."

கடைசியில் வேறு வழியில்லாமல் சாம்பிள்காரர் வீட்டுக்குப் போன் போட்டார்.

வீட்டில் அவர் மனைவி தெருப்பக்க அறையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு நாற்பத்தெட்டு கோட்டு. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அந்த அம்மாள் ஒரு தடவைகூடத் தொலைநோக்கியில் கண் வைத்ததில்லை. கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருவது எல்லாமே கோழிக்குஞ்சு சைசில் மண் நிறத்தில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

"என்னங்க, மூச்சு வாங்குது? தொட்டியில விழுந்துட்டீங்களா?"

"விழலை. நீ உடனே கிளம்பி இங்க வா."

"நாப்பத்தெட்டுக் கோட்டு இருக்கு. முப்பத்தொண்ணுக்குக் கை வெச்சிருக்கேன், பதினேழு கை இல்லாம கிடக்கு."

"பதினாலு வருஷமா உன்கிட்ட எதாவது கேட்டிருக்கேனா?"

"போன மாசம் தலைவலித் தைலம் கேட்டீங்க."

"நான் கெஞ்சிக் கேக்கறேன்." குரல் உடைந்துவிட்டது. பாவம், அவர் நடிக்கவில்லை.

அந்தக் குரலை அந்த அம்மாள் அதிகம் கேட்டதில்லை. மிஷினை நிறுத்திவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல், ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். கேட்டில் வாட்ச்மேன், "அக்கா, கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க" என்று எச்சரித்து அனுப்பினார்.

குட்டை ஓரத்துக்கு வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எங்க?" என்றார்.

"இதுக்குள்ள பாரு. நடுவுல நிக்குதே, அது. நான் பேரைச் சொல்லக் கூடாது. ஒண்ணுமே சொல்லக் கூடாது. சட்டம்."

"எதைப் பார்க்கணும்னாவது சொல்லுங்க."

"அதையும் சொல்லக் கூடாது."

"கூப்பிட்டு வெச்சு வாயைப் பொத்திக்கிறதுக்கு நீங்க ஒரு ஆளு" என்று முனகிக்கொண்டே அந்த அம்மாள் குனிந்து கண்ணை வைத்தார். பிறகு மூக்கைப் பொத்தியிருந்த கை கீழே இறங்கியது.

சாம்பிள்காரர் இந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் முக்கியம். மனைவிக்குப் பின்னால், சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து, புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். செங்கழுத்து உள்ளானுக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருபது அடி தள்ளி, அந்தப் பறவை குட்டையின் சிமெண்ட் விளிம்பில் ஏறி நின்று, வலது காலைத் தூக்கித் தாடையைச் சொறிந்தது. சொறிந்துவிட்டு, எதற்காகத் தூக்கினோம் என்று மறந்தாற்போலக் காலை அப்படியே சற்று நேரம் அந்தரத்தில் வைத்திருந்தது.

"ம்" என்றார் மனைவி.

"என்ன?" என்றார் இவர், புத்தகத்தில் இருந்து தலை தூக்காமல்.

"நீங்கதானே ஒண்ணும் பேசக் கூடாதுன்னீங்க" என்று அந்த அம்மாள் நிமிர்ந்தார். பத்து நிமிடம் பார்த்திருப்பார். "போகட்டுமா? பதினேழு கை கிடக்கு."

மறுநாள் காலை குட்டையில் அது இல்லை. சங்கத்து நண்பர்கள் வந்து வெறும் சேற்றைப் பார்த்துவிட்டு, "அலகைக் கழுவிக்கிட்டுப் போயிடுச்சா, கரண்டி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து குறிப்பு எழுதினார்கள். பரீட்சை ஹாலில்கூட அப்படி ஒரு கெடுபிடி இருக்காது. இவர் இடது கையால் தாளை மறைத்துக்கொண்டார். அந்த அம்மாள் ஒரு தைத்து முடித்த கோட்டை நடுவில் நிறுத்தி வைத்து, அதற்குப் பின்னால் எழுதினார். இவருக்குப் புத்தகம் துணை. அந்த அம்மாளுக்கு ஒன்றும் இல்லை. அவ்வப்போது கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார், விரலால் காற்றில் எதையோ அளந்தார்.

இவர் முக்கால் மணி நேரத்தில் மூன்று பக்கம் எழுதினார். செங்கழுத்து உள்ளானுக்கும் அதைப் போன்ற மற்றவற்றுக்கும் என்ன வித்தியாசம் என்று புத்தகம் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சேர்த்தார். அதில் ஒரு வரி: "கால் விரல்களுக்கு இடையில் சவ்வு இல்லை. தெளிவாகப் பார்த்தேன்." காலை அவர் பார்க்கவே இல்லை. கால் முழுக்கச் சேற்றில் இருந்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் செங்கழுத்து உள்ளானுக்குச் சவ்வு கிடையாது என்று புத்தகம் சொன்னது; புத்தகம் பொய் சொல்லுமா? கறாராக ஒரு முற்றுப்புள்ளி வைத்தார்.

இரண்டு தாள்களும் இரண்டு உறையில் போயின. அதற்குப் பிறகு மூன்று வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தபால்காரர் மணி அடித்தால் வாசலுக்கு வந்துவிடுவார். கொடுக்க ஒன்றும் இல்லை என்றால் அவரிடமே ஏன் இல்லை என்று கேட்பார். "வேலை போயிடுமா இப்ப? சம்பளத்துல பிடிப்பாங்களா?" என்று மனைவி கேட்டார். ஒன்றும் போகாது. அதை எப்படி விளக்குவது? கரண்டி என்று கூப்பிடுகிறவர்கள் மத்தியில் ஒரே ஒரு தடவை, இந்த ஆள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. இந்தத் தடவையும் மூக்கறுபட்டால் அதைக் கேட்க இனி வழியே கிடையாது.

தபால் வரவில்லை. போன் வந்தது. மதியம் மூன்று மணி. சாம்பிள்காரர் வேலை முடிந்து வந்து, தெருப்பக்க அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மனைவியின் அடுத்த ஆர்டர் கோட்டுகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"கரண்டி... மன்னிக்கணும். சாம்பிள்காரர்தானே பேசறது?" பல் டாக்டரின் குரல். பின்னால் கிர்ரென்று ஏதோ சுற்றியது.

"சொல்லுங்க டாக்டர்."

"உங்க வீட்டுல இருந்து ரெண்டு பேப்பர் வந்திருக்கு. ரெண்டும் ஒரே பறவையா?"

"ஒரே பறவைதாங்க."

"நல்லா வாயைத் திறங்க."

சாம்பிள்காரர் திறந்தார்.

"உங்களைச் சொல்லலை, இங்க பேஷண்டைச் சொன்னேன். உங்க பேப்பர் மூணு பக்கம். புத்தகத்துல எத்தனாவது பக்கம்னு நான் பார்க்காமலே சொல்லிடுவேன். அதை விடுங்க. உங்க வீட்டு அம்மா எழுதினதை நான் குழுவுல சத்தமா படிச்சேன். ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. உங்களுக்கும் படிக்கறேன், கேளுங்க."

படித்தார். தலையும் வாலும் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார் இவர்.

"பறவையின் பெயர்: தெரியாது. அதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்கள். சுற்றி இருந்த மற்ற எல்லாவற்றுக்கும் முதுகில் இரண்டு வெள்ளை நாடா, தோளில் ஆரம்பித்துக் கீழே வந்து சேருகிற மாதிரி. இதற்கு நாடா வைக்கவில்லை. முதுகுச் சிறகு ஒவ்வொன்றுக்கும் விளிம்பில் ஒரே பழுப்பு நூலில் ஓவர்லாக் அடித்த மாதிரி, எல்லாம் ஒரே அகலம். சீரான வேலை. மற்றதற்கு அலகு ஊசி. இதற்குக் கட்டை, நேராகப் போய் நுனியில் மழுங்கிவிட்டது. வலது காலைத் தூக்கித் தாடையைச் சொறிந்தது. கால் கறுப்பு. முன்விரல் மூன்றுக்கும் நடுவில், அடிப்பக்கத்தில் மட்டும், சின்ன முக்கோணத் துண்டு வைத்துத் தைத்திருக்கிறது. சட்டை அக்குளில் பிடிக்காமல் இருக்க நாங்கள் வைப்போமே, அது மாதிரி. வாத்துக் கால் மாதிரி நுனி வரைக்கும் வரவில்லை. துணி பற்றவில்லை போலிருக்கிறது. இறக்கையின் உள்பக்கம் பார்க்கவில்லை. வால் சரியாகப் பார்க்கவில்லை. வயிறு பார்த்தேன், வெள்ளை. ஆனால் சேறு பட்டிருந்ததால் உறுதியாகச் சொல்ல மாட்டேன்."

கிர்ர் சத்தம் நின்றது.

"அது செங்கழுத்து இல்லைங்க" என்றார் டாக்டர். "விரலடியில அந்த மாதிரி சவ்வு வர்ற பொடி உள்ளான் உலகத்துலயே ரெண்டுதான். ரெண்டும் பெருங்கடலுக்கு அந்தப் பக்கத்து ஜாதி. அதுல ஒண்ணுக்கு அலகு நீளமா நுனியில வளைஞ்சிருக்கும். இது கட்டைன்னு அம்மா எழுதியிருக்காங்க. அப்ப இது அரைச்சவ்வு உள்ளான். நம்ம நாட்டுல இதுவரைக்கும் யாரும் பார்த்ததே இல்லை. இதுதான் முதல்."

சாம்பிள்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பறவையை அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்திருந்தார்.

"ஆனா ஒரு சிக்கல்" என்றார் டாக்டர். "அதே பறவைக்குச் சவ்வு இல்லைன்னு, தெளிவா பார்த்தேன்னு, பக்கத்துலயே நின்ன இன்னொரு ஆளு எழுதியிருக்கார். ரெண்டு சாட்சி நேர் எதிரா சொன்னா குழு என்ன பண்ணும்? ரெண்டையும் தூக்கிப் போட்டுடும். நாட்டுக்கே முதல் பறவை, குப்பைக்குப் போயிடும்." குரல் தணிந்தது. "எழுதறப்ப கை தவறியிருக்கலாம். 'சவ்வு இருக்கு'ன்னு எழுத வந்து 'இல்லை'ன்னு விழுந்திருக்கலாம். அப்படி இருந்தா சொல்லுங்க. ரெண்டு பேரும் கண்டுபிடிச்சதா ரெண்டு பேர் பேரையும் போடலாம்."

பாருங்கள், பதினாலு வருடமாகக் காத்திருந்த பொடி எழுத்து, தட்டில் வைத்து நீட்டப்படுகிறது. 'ஆமாம் டாக்டர், கை தவறிடுச்சு' என்று ஒரு வார்த்தை. யாருக்கும் நஷ்டமில்லை. பறவைக்கு உண்மையிலேயே சவ்வு இருந்தது. இருந்ததை இருந்தது என்று சொல்வதில் என்ன தப்பு? அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் அறையில் சத்தமே இல்லை என்பதைக் கவனித்தார். மிஷின் நின்றிருந்தது. மனைவி, ஒரு கைத்துணியைப் பிடித்தபடி, இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வால் சரியாகப் பார்க்கவில்லை என்று தாளில் எழுதி அனுப்பியவர் அவர். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதலாம் என்பதே சாம்பிள்காரருக்கு அதுவரை தோன்றியதில்லை. வெட்கம் காது வரைக்கும் ஏறிச் சுட்டது.

"கை தவறலைங்க டாக்டர்" என்றார். "நான் காலைப் பார்க்கவே இல்லை."

"என்ன?"

"அது காலைத் தூக்கினப்ப நான் புத்தகம் படிச்சிட்டு இருந்தேன். புத்தகத்துல சவ்வு இல்லைன்னு இருந்துது. எழுதிட்டேன்." ஆரம்பித்தபிறகு நிற்கவில்லை. "அந்தக் கடல் பறவை இருக்கே, அதோட இறக்கை அடிப்பக்கமும் நான் பார்க்கலை. அது எந்திரிக்கவே இல்லை. பறவையைப் பார்த்தது சத்தியம். இறக்கையைப் பார்க்கலை. என் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுடுங்க. அவ எழுதினதைக் கிழிச்சுடாதீங்க. அவ கண்ணு தப்பா அளக்காதுங்க, ஆளைப் பார்த்தே சட்டை வெட்டுவா."

மறுமுனையில் பேஷண்ட் வாயைத் திறந்தபடி ஏதோ முனகியது லேசாகக் கேட்டது.

"உங்க குறிப்பு நிராகரிக்கப்படுது" என்றார் டாக்டர் கடைசியில். "நாலாவது. விதிப்படி இனிமே உங்க பேர்ல எதையும் நாங்க பிரிக்க மாட்டோம். தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"அம்மாவோட குறிப்பு ஏத்துக்கப்படுது. அதுக்கு எதிரா இருந்த ஒரே சாட்சி, பார்க்கலைன்னு சொல்லிட்டார். அந்தச் சாட்சியை நான் நம்பறேன்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பதினாலு வருஷத்துல நீங்க என்கிட்ட சொன்னதுல இது ஒண்ணுக்குத்தான் நான் குறுக்குக் கேள்வி கேட்கலை. வெச்சிடறேன்."

சாம்பிள்காரர் போனை மடியில் வைத்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. ஏதாவது செய்ய வேண்டுமே என்று கத்தரிக்கோலை எடுத்து, பிசிறே இல்லாத இடத்தில் வெட்டப்போனார்.

"கோட்டைக் கெடுத்துடாதீங்க" என்று மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டார். "என்ன சொன்னாங்க?"

"உன்னுதை ஏத்துக்கிட்டாங்க. நாட்டுக்கே முதல் தடவையாம். உன் பேர் அச்சுல வரும்."

"என் பேரா? எனக்கு எதுக்கு? உங்களுது?"

"தள்ளிட்டாங்க. இனிமே எழுதவும் முடியாது."

அந்த அம்மாளுக்கு முகம் வாடிவிட்டது. "அப்புறம் ஏங்க சிரிக்கிறீங்க?"

அவருக்கே அப்போதுதான் தெரிந்தது, தான் சிரித்துக்கொண்டிருப்பது.

"டாக்டரம்மா என்னை நம்பறாங்களாம்."

"எதை?"

"நான் பார்க்கலைங்கறதை."